வெளிநாட்டில் பிலிப்பினோ தொழிலாளர்கள்: நம்பிக்கை, கடன், சீட்டு, முதலீடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாரைப் பற்றியது?

ஹாங்காங், சிங்கப்பூர், சவூதி, துபாய், குவைத் என்று வீட்டுவேலை, நர்ஸ் வேலை, கட்டட வேலை, கப்பல் வேலை பார்க்கும் பிலிப்பினோ தொழிலாளர்களைப் பற்றியது. 2024-இல் இவர்களைப் போன்றவர்கள் வங்கிகள் வழியாக நாட்டுக்கு அனுப்பிய பணம் சுமார் 3,449 கோடி அமெரிக்க டாலர். 'பகோங் பயானி', அதாவது புதிய வீரர்கள், என்று பிலிப்பைன்ஸ் அரசு இவர்களைப் புகழ்கிறது. இவ்வளவு பணம் புரளும் இடத்தில் அதைப் பிடுங்கவும் ஆள் இருக்கும்.

கீழே உள்ள கணக்குகளில் பெரும்பாலானவை ஹாங்காங் கணக்குகள். அங்கே வீட்டுப் பணியாளரின் குறைந்தபட்சச் சம்பளம், ஏஜென்ட் கமிஷன், வட்டி வரம்பு எல்லாம் எண்ணாகவே அரசு விதிகளில் இருப்பதால் போட்டுக் காட்டுவது எளிது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இவர்களோடு வேலை பார்க்கும் தமிழர்களுக்குப் பாதி விஷயம் தெரிந்த கதையாகவே இருக்கும்.

ஒரே நாட்டுக்காரர் என்பதற்காகவே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்களா?

அப்படித் தோன்றும். உள்ளே பார்த்தால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. 'கபாபயன்' என்றால் சொந்த நாட்டவர். வந்து இறங்கிய முதல் வாரத்தில் சிம் கார்டு வாங்கித் தந்தவர், ஞாயிற்றுக்கிழமை ஹாங்காங் சென்ட்ரல் பகுதியின் சாட்டர் ரோட்டில் அட்டையை விரித்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னவர், முதலாளியம்மா திட்டிய அன்று சோறு போட்டவர். அவர் அன்றே 'ஆத்தே' ஆகிவிடுகிறார், அக்கா. அதோடு 'உதாங் நா லோஓப்' வந்து சேரும்: பட்ட உதவிக்கான நன்றிக்கடன். அடுத்து 'ஹியா': முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லக் கூசும் குணம்.

இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளுவது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் பேச்சு. ஒரே ஒரு முதலாளியின் கையெழுத்தில் விசா தொங்கும் ஒருவருக்கு இந்த உறவுகள்தான் இன்ஷூரன்ஸ். மோசடிக்காரரும் அதே வழியில்தான் வருகிறார். முதலில் சின்ன உதவி, பிறகு பிள்ளைக்கு 'நினாங்' என்ற ஞானத்தாய் உறவு, ஆறு மாதம் கழித்துப் பணம். ஆளைப் பார்த்துக் கொடுப்பதில் தப்பில்லை. ஆத்தே வருத்தப்படுவாரே என்று காகிதம் கேட்காமல் விடும் இடத்தில்தான் பணம் போகிறது.

பலுவாகான் என்பது நம் ஊர் சீட்டுதானா?

கிட்டத்தட்ட. ஏலச்சீட்டு மாதிரி தள்ளிக் கேட்பது இதில் கிடையாது. குலுக்கல் சீட்டுக்கு நெருக்கம். 'லுவாக்' என்றால் தளர்வு, நெருக்கடி நீங்குவது. சொல் அதிலிருந்து வந்தது. பத்துப் பேர் மாதம் 1,000 ஹாங்காங் டாலர் போடுவார்கள். மாதம் ஒருவருக்கு 10,000. யாருக்கு எந்த மாதம் என்பது ஆரம்பத்திலேயே சீட்டுக் குலுக்கியோ பேசியோ முடிவாகிவிடும். வட்டியும் தள்ளுபடியும் கிடையாது.

ஆகவே முதல் நம்பர்க்காரர் வட்டியில்லாக் கடன் வாங்குகிறார், பத்தாம் நம்பர்க்காரர் வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறார். முழு ஆபத்தும் கடைசி நம்பர்கள் தலையில். இந்தியாவில் சீட்டு நிறுவனத்துக்கு 1982-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு, கமிஷன் வரம்பு என்று பிடி இருக்கிறது. பலுவாகானுக்கு அப்படி எதுவும் கிடையாது. நடத்துபவரின் நோட்டுப் புத்தகமும் மெசஞ்சர் குழுவும்தான் சட்டம்.

பலுவாகான் எங்கே உடைகிறது?

நடத்துபவர் ஓடிப்போவதைத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அதைவிடச் சாதாரணமாக நடப்பது வேறு: முன் நம்பர் எடுத்தவருக்கு வேலை போய்விடும். ஹாங்காங்கில் வீட்டுப் பணியாளர் ஒப்பந்தம் இரண்டு வருடம். முதலாளி ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ கொடுத்து நிறுத்தலாம். நிறுத்திவிட்டால் 14 நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மூன்றாம் மாதம் 10,000 வாங்கியவர் ஐந்தாம் மாதம் ஊருக்குப் போனால் அவர் போட வேண்டிய மீதி 5,000 எங்கிருந்து வரும்? அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதனால் குலுக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, ஒவ்வொருவரின் ஒப்பந்தம் முடியும் தேதியைக் குழுவில் எழுதிப் போடுவது. அதிக மாதம் மீதி இருப்பவருக்கு முன் நம்பர். சீட்டு முடிவதற்குள் ஒப்பந்தம் முடிபவருக்குக் கடைசி நம்பர். முடிவதற்கு முன் கிளம்பினால் மீதித் தவணை முழுவதையும் கடைசிச் சம்பளத்தில் கட்டிவிட்டுப் போக வேண்டும் என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளலாம். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். பத்துப் பேரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்திருக்க வேண்டும்; நடத்துபவருக்கு மட்டும் எல்லாரையும் தெரியும் என்றால் அது பத்துப் பேர் சீட்டா, ஆறு பேர் சீட்டா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே ஆள் இரண்டு மூன்று நம்பரைப் பொய்ப் பெயரில் வைத்து, முன்னால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மறைவது பழைய வித்தை.

பணத்தை நடத்துபவர் கணக்குக்குப் போடாமல் அந்த மாத நம்பர்க்காரரின் கணக்குக்கு நேராகப் போடச் சொல்லுங்கள். ஒன்பது பரிமாற்ற ரசீதும் குழுவில் வர வேண்டும். நடத்துபவர் இதற்கு முகம் சுளித்தால் காரணம் கேளுங்கள்.

'ஸ்லாட் 1,000, பதினைந்து நாளில் 1,500' என்று ஃபேஸ்புக்கில் வரும் பலுவாகான்?

அது பலுவாகானே இல்லை. பலுவாகானில் போட்டதுதான் திரும்ப வரும், கூட வராது. கூட வருகிறது என்றால் பின்னால் சேர்பவரின் பணம் உங்களுக்கு வருகிறது. பிலிப்பைன்ஸ் பங்குப் பத்திர ஆணையமான எஸ்.இ.சி. இப்படிப்பட்டவற்றை அனுமதியில்லாத முதலீடு என்றுதான் எச்சரிக்கிறது.

தோழி கடன் வாங்குகிறாள், 'சும்மா ஒரு கையெழுத்து' என்கிறாள். போடலாமா?

பெரிய மோசடிகள் செய்தியில் வருகின்றன. ஹாங்காங்கில் சத்தமில்லாமல் வேலையைப் பறிப்பது இந்த ஜாமீன் கையெழுத்துதான்.

முதலில் படிவத்தைப் படியுங்கள். 'ரெஃபரன்ஸ்' என்றால் தொடர்புக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். கடன் பொறுப்பு வராது. 'கேரன்டர்' என்றால் கடனே உங்களுடையது மாதிரி. இரண்டும் பல சமயம் ஒரே தாளில் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கும், கையெழுத்து இடத்தைப் பென்சிலால் குறித்துத் தருவார்கள்.

கணக்கைப் பாருங்கள். 2022 டிசம்பர் 30 முதல் ஹாங்காங்கில் வட்டி உச்சவரம்பு ஆண்டுக்கு 48 சதவீதம். அதற்கு முன் 60. ஒருவர் 20,000 டாலரை 12 மாதத் தவணைக்கு 48 சதவீதத்தில் எடுத்தால் மாதம் சுமார் 2,050 கட்ட வேண்டும், மொத்தம் 24,500 சொச்சம். 2025 செப்டம்பர் 30 முதல் கையெழுத்தான ஒப்பந்தங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 5,100. சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தவணைக்கே போகிறது. வீட்டுக்கு அனுப்பியது போக இது எப்படி நிற்கும்? இரண்டாவது கம்பெனியில் கடன் வாங்கி முதல் கடனைக் கட்டுவார்கள். அதற்கும் உங்களிடம்தான் கையெழுத்துக்கு வருவார்கள்.

அவர் கட்டாமல் ஊருக்குப் போய்விட்டால் கடிதம் உங்கள் முகவரிக்கு வரும். உங்கள் முகவரி எது? அங்கே வீட்டுப் பணியாளர் முதலாளி வீட்டில்தான் தங்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி. ஆக வசூல் கடிதம் முதலாளியின் தபால் பெட்டியில் விழுகிறது. வீட்டுத் தொலைபேசி நாளுக்கு ஆறு முறை அடிக்கிறது. முதலாளி பயந்துபோய் வேலையை நிறுத்துகிறார். பிறகு அந்த 14 நாள். கடன் வாங்காத ஒருவர் வேலையிழந்து ஊர் போய்ச் சேர்வது இப்படித்தான்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? கையெழுத்தைத் திரும்பப் பெற முடியாது. ஒப்பந்தத்தின் நகலையும் இன்றைய பாக்கி எவ்வளவு என்பதையும் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். மாதாமாதம் தவணை கட்டிய ரசீதைத் தோழியிடம் கேளுங்கள். முதல் தவறிய மாதமே தெரிந்தால் அவர் இன்னும் ஹாங்காங்கில் இருப்பார்.

சிங்கப்பூரில் நிலைமை கொஞ்சம் வேறு. ஆண்டு வருமானம் 10,000 சிங்கப்பூர் டாலருக்குக் கீழ் உள்ள வெளிநாட்டவருக்கு உரிமம் பெற்ற வட்டிக்கடைகள் எல்லாம் சேர்ந்தே 500 டாலர்தான் கொடுக்கலாம். வட்டி மாதம் 4 சதவீதத்துக்கு மேல் கூடாது. அதைவிட அதிகம் தருகிறேன் என்று வாட்ஸாப்பில் வருபவர் உரிமம் இல்லாதவர்.

பாஸ்போர்ட்டை அடகு வைக்கச் சொல்கிறார்களே?

வேண்டாம். பாஸ்போர்ட் பிலிப்பைன்ஸ் அரசின் சொத்து, அடகுப் பொருளாகாது. அவசரத்துக்கு ஊர் போக வேண்டியிருந்தால் கடன் கொடுத்தவர் கையில் உங்கள் டிக்கெட் மாட்டிக்கொள்ளும். தூதரகத்தில் போய்த் தொலைந்துவிட்டது என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் அது பொய்ச் சத்தியம். பாஸ்போர்ட் பிறகு போலீஸ் சோதனையில் வட்டிக்காரர் மேசையில் கிடைத்தால் உங்களுக்குத்தான் சங்கடம்.

ஊரில் இதற்கு 'சங்லா ஏடிஎம்' என்று தங்கச்சி இருக்கிறது: கார்டையும் பின் நம்பரையும் வட்டிக்காரரிடம் கொடுத்துவிடுவது. குடும்பத்தினர் உங்கள் பணம் வரும் கார்டையே இப்படி வைத்திருக்கிறார்களா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

'ஐந்து–ஆறு' என்றால் என்ன?

ஐந்து வாங்கினால் ஆறு திருப்பிக் கொடுப்பது. நம் கந்துவட்டிக்கு அண்ணன் தம்பி. 5,000 பேசோவுக்கு ஒரு மாதத்தில் 6,000, அதாவது மாதம் 20 சதவீதம். தினசரி வசூல் என்றால் உண்மை வட்டி இன்னும் மேலே, ஏனென்றால் அசல் நாளுக்கு நாள் குறைந்தாலும் வட்டி முழு அசலுக்கும் போட்டதாகவே இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வந்து வசூலிக்கும் பஞ்சாபிக்காரர்களை வைத்து 'பும்பாய்' என்றே இதற்குப் பட்டப்பெயர் உண்டு, பம்பாயிலிருந்து வந்த சொல். இன்று பிலிப்பினோக்களே நிறையப் பேர் நடத்துகிறார்கள்.

ஹாங்காங்கில் சில வீட்டுப் பணியாளர்கள் சக தொழிலாளர்களுக்கு இதே கணக்கில் விடுகிறார்கள். உரிமம் இல்லாமல் வட்டித்தொழில் செய்வது அங்கே குற்றம். கூடவே, ஒப்பந்த வேலையைத் தவிர வேறு தொழில் செய்யக்கூடாது என்ற விசா நிபந்தனையும் உடைகிறது. வாங்குபவரைவிடக் கொடுப்பவர் பெரிய வலையில் நிற்கிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எப்படி எழுதி வாங்குவது?

நோட்டுத் தாள் போதும். கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகப் போடுங்கள்; பரிமாற்ற எண் தானே சாட்சியாகும். தாளில் இப்படி இருக்கட்டும்:

"பாஸ்போர்ட்டில் உள்ளபடி என் பெயர் இது, பிலிப்பைன்ஸில் என் முகவரி இது, பரங்காய் (ஊராட்சி) பெயருடன். இன்ன தேதியில் இன்னாரிடமிருந்து 5,000 ஹாங்காங் டாலரை வங்கிப் பரிமாற்றமாகப் பெற்றேன். மாதம் 1,000 வீதம் ஐந்து தவணையில், ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் திருப்புவேன். வட்டி இல்லை. என் வேலை ஒப்பந்தம் முன்பே முடிந்தால் நான் கிளம்பும் முன் பாக்கி முழுவதையும் கொடுப்பேன்."

கையெழுத்து, தேதி, இருவரும் தாளோடு நிற்கும் ஒரு படம். இதில் இரண்டு இடம் முக்கியம். ஒன்று ஊர் முகவரி: அவர் ஊருக்குப் போன பிறகு வழக்குப் போட அதுதான் வேண்டும். மற்றொன்று அந்தக் கடைசி வரி, பெரும்பாலோர் விட்டுவிடுவது.

வட்டி வாய்ப்பேச்சாகப் பேசினால் பயனில்லை. எழுத்தில் இல்லாத வட்டி செல்லாது என்பது பிலிப்பைன்ஸ் சிவில் சட்டம், 1956-ஆம் பிரிவு. எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குப் போடப் பத்து வருடம் அவகாசம், வாய்மொழிக்கு ஆறு. ஊரில் சிறு உரிமை நீதிமன்றம் 10 லட்சம் பேசோ வரையிலான கடனை எடுத்துக்கொள்ளும், வக்கீல் வைக்க வேண்டியதில்லை, வைக்கவும் முடியாது. இருவரும் ஒரே ஊர் அல்லது நகரவாசிகள் என்றால் முதலில் பரங்காயில், அதாவது ஊராட்சி அளவிலான சமரசத்தில், பேசிவிட்டு வரச் சொல்வார்கள். ஆள் இன்னும் ஹாங்காங்கிலேயே இருந்தால் அங்குள்ள சிறு உரிமைத் தீர்ப்பாயம் 75,000 ஹாங்காங் டாலர் வரை கேட்கும்.

முதலீட்டுக் கம்பெனி 'எஸ்.இ.சி. பதிவு பெற்றது' என்று சான்றிதழ் காட்டுகிறது. போதாதா?

போதாது. அந்தச் சான்றிதழ் கம்பெனியின் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. பொதுமக்களிடம் முதலீடு வாங்க அதே ஆணையத்தின் தனி அனுமதி வேண்டும். ஏமாற்றுக்காரர்கள் காட்டும் சான்றிதழ் பெரும்பாலும் உண்மையானதுதான்; அது வேறு கேள்விக்கான பதில். கேட்க வேண்டியது: "பத்திரம் விற்க உங்கள் இரண்டாவது அனுமதி எங்கே?" பிறகு ஆணையத்தின் இணையதளத்தில் எச்சரிக்கைப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள்.

காப்பா என்று ஒன்று இருந்தது, மின்டனாவோ பகுதியில் மத அமைப்பாக நடந்தது. 'முதலீடு' என்ற சொல்லையே அது பயன்படுத்தவில்லை. 'காணிக்கை' கொடுங்கள், மாதம் 30 சதவீதம் 'ஆசீர்வாதம்' ஆயுள் முழுக்க வரும் என்றது. 2019-இல் ஆணையம் பதிவை ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூனில் அப்போதைய அதிபர் துதெர்தே மூட உத்தரவிட்டார். கணக்கு இதுதான்: 10,000 போட்டவருக்கு மாதம் 3,000. நான்காம் மாதம் போட்டதைவிடக் கூட வந்துவிட்டது. அவர் ஃபேஸ்புக்கில் நேரலையில் பணக்கட்டைக் காட்டி அழுகிறார், அந்த அழுகை பொய்யில்லை. ஆரம்பத்தில் சேர்ந்தவர் உண்மையாகவே வாங்கியிருக்கிறார். "எனக்குத் தெரிந்தவர் வாங்கினார்" என்பது எந்தப் போன்ஸியிலும் (பின்னால் சேர்பவர் பணத்தை முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கும் மோசடி) உண்மையாகவே இருக்கும், அதனால் அது எதையும் நிரூபிப்பதில்லை.

உங்களைச் சேர்த்த ஆத்தேயும் அனேகமாக ஏமாந்தவர்தான். ஆனாலும் அனுமதியில்லாமல் ஆள் சேர்ப்பவரும் பங்குப் பத்திரச் சட்டத்தில் மாட்டுவார். தண்டனை 7 முதல் 21 வருடம் வரை போகலாம். கமிஷனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கச் சொன்னால் இதை ஞாபகம் வையுங்கள்.

ஹாங்காங்கிலிருந்தே கனடா வேலை வாங்கித் தருகிறோம் என்கிறார்கள்.

மூன்றாம் நாட்டு வேலை ஆசை நியாயமானதுதான், உண்மையாகப் போனவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பணம் எப்போது, யார், எதற்குக் கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். கனடாவில் வெளிநாட்டாளை எடுக்க முதலாளி அரசிடம் செலுத்தும் 1,000 கனடா டாலர் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது; பல மாகாணங்களில் ஆள்சேர்ப்புக் கட்டணமே தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. 'ஸ்லாட் பிடித்து வைக்க' முன்பணம் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

ஹாங்காங் ஏஜென்சி வீட்டுப் பணியாளரிடம் வாங்கக்கூடிய உச்சக் கமிஷன் முதல் மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு. 5,100 சம்பளத்துக்கு 510 டாலர். மீறினால் 3,50,000 டாலர் அபராதமும் மூன்று வருடச் சிறையும் வரை. பிலிப்பைன்ஸ் பக்கம் வீட்டுப் பணியாளரிடமும் கப்பல் பணியாளரிடமும் வேலைவாய்ப்புக் கட்டணமே வாங்கக் கூடாது. கட்டணம் அனுமதிக்கப்பட்ட மற்ற வேலைகளுக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம்தான் எல்லை, அதுவும் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, ரசீதோடு.

ஏஜென்சியைச் சரிபார்க்க, புலம்பெயர் தொழிலாளர் துறையான டி.எம்.டபிள்யூ.வின் இணையதளத்தில் நான்கு விஷயம் பாருங்கள்: உரிமம் இன்று செல்லுபடியாகிறதா, முகவரி பொருந்துகிறதா, உங்களிடம் பேசும் ஆள் பிரதிநிதிப் பட்டியலில் இருக்கிறாரா, அந்த நாட்டுக்கும் அந்த வேலைக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஆள்தேவை இருக்கிறதா. முதல் இரண்டும் சரியாக இருந்து பின் இரண்டும் இல்லாத மோசடிதான் அதிகம். நல்ல ஏஜென்சியின் பெயரை வைத்து வெளியாள் வசூலிப்பார்.

வங்கிக் கணக்கையோ ஏடிஎம் கார்டையோ வாடகைக்குக் கேட்கிறார்கள். பயன்படுத்தாத கணக்குதானே?

அது திருட்டுப் பணம் போகும் குழாய். ஹாங்காங்கில் குற்றப் பணத்தைக் கையாண்டதாக வழக்கு வரும். உச்சத் தண்டனை 14 வருடமும் 50 லட்சம் டாலர் அபராதமும். 'எனக்குத் தெரியாது' என்பது எடுபடுவது கடினம், ஏனென்றால் கார்டோடு பின் நம்பரையும் கொடுத்திருக்கிறீர்கள். பிலிப்பைன்ஸிலும் 2024 ஜூலைச் சட்டம் கணக்கை விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது கணக்கை மூடிவிட்டுப் போங்கள், கார்டைத் தோழிக்குக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஊருக்கு அனுப்பும் பணம் கரைந்துபோகிறது. குடும்பத்தை எப்படிச் சந்தேகப்படுவது?

சந்தேகம் வேண்டாம், வழியைப் பிரியுங்கள். மாதாமாதம் 'பதாலா' என்ற ஒரே மொத்தத் தொகையாகப் போனால் அதில் எது அரிசி, எது பள்ளிக்கட்டணம், எது சின்ன மாமாவின் சேவல் சண்டை என்று யாருக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் பெற்றவருக்கும். பள்ளிக் கட்டணத்தைப் பள்ளிக் கணக்குக்கும் மின்கட்டணத்தை ஜிகேஷ் போன்ற செயலியில் நேராகவும் கட்டுங்கள். சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் மட்டும் குடும்பத்தின் கையில். வாரம் ஒன்றாகப் பிரித்து அனுப்பலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டணம் ஏறும்.

கூட்டுக் கணக்கு தொடங்கினால் படிவத்தில் 'அல்லது' என்று குறித்திருக்கிறதா 'மற்றும்' என்று குறித்திருக்கிறதா பாருங்கள். 'அல்லது' கணக்கை ஒருவர் தனியாகவே காலி செய்யலாம். சேமிப்புக்கு 'மற்றும்', அன்றாடத்துக்கு 'அல்லது'.

மருத்துவமனை அவசரம் என்று செய்தி வந்தால் அறிக்கையும் பில் எண்ணும் கேளுங்கள், மருத்துவமனைக் கவுன்டருக்கு அழைத்துப் பேசுங்கள். அரசு மருத்துவமனை என்றால் அங்கே மலாசாகித் மையம் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். 2019 சட்டப்படி அரசின் பல உதவிகளை ஒரே மேசையில் தரும் இடம். பல சமயம் நீங்கள் அனுப்ப வேண்டிய தொகை பாதியாகும். சாவு வீட்டில் கொடுக்கும் 'அபுலோய்' உதவித்தொகைக்கு வருடத்துக்கு ஒரு தொகை தனியாக எடுத்து வைத்தால் ஒவ்வொரு முறையும் கடன் வாங்க வேண்டியதில்லை.

பணம் அனுப்பும் கடையில் 'கட்டணம் இல்லை' என்ற பலகையைப் பார்க்காமல், வீட்டில் கைக்கு எத்தனை பேசோ வரும் என்று கேளுங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான்: 3,000 ஹாங்காங் டாலருக்கு ஒரு கடை 15 டாலர் கட்டணம், விகிதம் 7.25, வரும் பணம் 21,641 பேசோ. பக்கத்துக் கடை கட்டணமில்லை, விகிதம் 7.15; வருவது 21,450. இலவசக் கடைதான் 191 பேசோ விலை அதிகம்.

ஊரில் நிலமோ வீடோ வாங்க உறவினருக்குப் பவர் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் 'எல்லா அதிகாரமும்' என்று எழுதாதீர்கள். எந்தச் சொத்து, அதன் உரிமைப் பத்திர எண், எந்தக் காரியம், அதிகபட்ச விலை, எந்தத் தேதி வரை என்று ஐந்தும் இருக்க வேண்டும். வாங்குவதற்கான பவரில் 'விற்க, அடமானம் வைக்க' என்ற சொற்கள் மாதிரிப் படிவத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரும், அடித்துவிடுங்கள். ஒரு நாட்டின் ஆவணச் சான்றை இன்னொரு நாடு ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் பிலிப்பைன்ஸ் 2019 மே 14 முதல் இருப்பதால், ஹாங்காங்கில் நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் வாங்கினாலும் செல்லும், தூதரகத்தில் செய்தாலும் செல்லும். பவரை ரத்து செய்தால் பெற்றவருக்கு மட்டும் சொன்னால் போதாது. பதிவு அலுவலகத்திலும் குறிக்க வேண்டும்.

விற்பவர் காட்டும் பத்திரத்தின் படத்தை நம்பாமல் பதிவு அலுவலகத்திலிருந்து சான்றிட்ட நகல் எடுங்கள், இணையத்திலும் கேட்கலாம். பின்பக்கத்தைப் படியுங்கள்: அடமானம், வழக்கு போன்ற வில்லங்கமெல்லாம் அங்கேதான் குறித்திருக்கும். 'டாக்ஸ் டிக்ளரேஷன்' காட்டினால் அது வரி ரசீது மாதிரிதான், உரிமைப் பத்திரம் இல்லை.

அப்பாவின் நிலத்தில் சொந்தக் காசில் வீடு கட்டுவது மிகச் சாதாரணம். அப்பா இறந்தால் நிலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும், உங்கள் வீடு நடுவில் நிற்கும். செங்கல் இறக்கும் முன் அந்தத் துண்டு நிலத்தை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

தவணையில் மனை அல்லது அடுக்ககம் வாங்கிக் கட்ட முடியாமல் போனால், 'எல்லாம் போச்சு' என்று கம்பெனி சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். மசேடா சட்டப்படி இரண்டு வருடமாவது தவணை கட்டியிருந்தால் ஒப்பந்தம் ரத்தாகும்போது கட்டியதில் பாதி திரும்ப வர வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடத்துக்கு 5 சதவீதம் கூடும், 90 சதவீதம் வரை. கட்டும் முன்பே கேட்க வேண்டியது வீட்டுவசதித் துறையின் 'விற்பனை உரிமம்' எண்.

பிறகு பணத்தை எங்கேதான் வைப்பது?

சலிப்பூட்டும் இடங்களில். பிலிப்பைன்ஸ் அரசின் பாகிபிக் நிதியத்தின் எம்.பி.2 சேமிப்பு: ஐந்து வருடம், குறைந்தது 500 பேசோ, அரசு உத்தரவாதம், ஈவுத்தொகைக்கு வரி இல்லை. 2023-இல் 7.05 சதவீதம் கொடுத்தது. வங்கி வைப்புக்கு 2025 மார்ச் 15 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 10 லட்சம் பேசோ வரை காப்பீடு, முன்பு 5 லட்சம். யாராவது மாதத்துக்கே 7 சதவீதம் தருகிறேன் என்றால், அரசு நிதியம் வருடம் முழுக்க உழைத்துக் கொடுப்பதை இவர் ஒரே மாதத்தில் எப்படிக் கொடுக்கிறார் என்று கேளுங்கள்.

ஏமாந்துவிட்டோம். முதலில் என்ன செய்வது?

குழுவை விட்டு வெளியேறாதீர்கள், திட்டாதீர்கள். அரட்டையை அப்படியே சேமியுங்கள், சுயவிவர இணைப்பு தெரியும்படி. பிறகு வங்கிக்கு அழையுங்கள். மோசடிப் புகார் உதவி எண்: ஹாங்காங்கில் 18222, சிங்கப்பூரில் 1799, பிலிப்பைன்ஸில் 1326. பிலிப்பைன்ஸ் வங்கிகளும் இ-வாலட்களும் சர்ச்சைக்குரிய பணத்தை 30 நாள் வரை நிறுத்தி வைக்கலாம் என்று 2024 சட்டம் சொல்கிறது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் புகார் போய்ச் சேர்ந்தால்தான் அதனால் பயன்.

வேலை மோசடி என்றால் தூதரகத்தோடு சேர்ந்த புலம்பெயர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள், தனியாகப் போகாமல் ஏமாந்த மற்றவர்களையும் தேடிக்கொண்டு. ஒருவர் புகார் செய்தால் சட்டவிரோத ஆள்சேர்ப்புக்கு 12 முதல் 20 வருடம். மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் பொருளாதார நாசவேலை, ஆயுள் தண்டனை. மூன்றாவது ஆள் கிடைத்ததும் எதிர்த்தரப்பு பேசும் தொனியே மாறுவதைப் பார்க்கலாம். பணத்தைத் திருப்பித் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று ஒவ்வொருவராகத் தனியே அழைப்பார்கள். முழுப் பணமும் கணக்கில் ஏறும் வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக ஒருவர் தானே தொடர்பு கொண்டார்?

உங்கள் பெயர் ஏமாந்தவர்கள் பட்டியலோடு விற்கப்பட்டிருக்கிறது. முன்கட்டணம் கேட்பார், தராதீர்கள். எண்ணைக் குறித்து, உங்கள் பழைய புகார் எண்ணோடு சேர்த்து அதே போலீஸ் அதிகாரிக்கு அனுப்புங்கள்.